குடி கேட்கும் கரை

என் அம்மம்மாவுக்கு அம்மம்மாவாக இருந்தவளை எந்த மணலில் அடக்கம் செய்தார்கள் என்று அறிந்துவருவதற்காக ஒரு சித்திரை மாதத்தில் நான் படுவான்கரைக்குப் போனேன். ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீளத்துக்கு வடக்குத் தெற்காகக் கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் புறத்தை, சூரியன் எழும் திசையாதலால் எழுவான்கரை என்றும், மேற்குப் புறத்தை, அவன் படும் திசையாதலால் படுவான்கரை என்றும் எங்கள் முன்னோர் வழங்கினார்கள். எழுவான்கரையில் கடலும் பட்டினமும் பள்ளிக்கூடங்களும். படுவான்கரையில் வயலும் மாடும் பழைய கோயில்களும். நான் பிறந்தது எழுவான்கரையில். ஆனால் எங்கள் வீட்டுப் பெண்களின் பேச்சில் ‘அக்கரை’ என்ற சொல் வரும்போதெல்லாம் குரல் சற்றே தாழும். அங்கே விட்டுவந்த ஏதோ ஒன்றை நினைத்துக்கொண்டு பேசுவதுபோல இருக்கும். மண்முனைத் துறையில் முன்னெல்லாம் ‘பாதை’ ஓடியது. பாதை என்றால் எங்கள் நாட்டில் நிலத்து வழி மாத்திரமன்று. மனிதரையும் மாட்டையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவைக்கும் அதுவே பெயர். 2014ஆம் ஆண்டில் அங்கே பாலம் வந்தது. பாதை போய்விட்டது.

இறந்தோரைத் தேடுவதென்பது கல்லைத் தேடுவது என்ற எண்ணம் எனக்கு எப்படி உண்டாயிற்றென்று யோசித்தால், அது மட்டக்களப்புப் பட்டினத்தின் புளியந்தீவில் வளர்ந்தவன் எவனுக்கும் உண்டாகக்கூடியதே என்று தோன்றுகிறது. 1628இல் போர்த்துக்கீசர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையின் நிழலிலே வளர்ந்தவர்கள் நாங்கள். அயல்நாட்டார் இங்கே விட்டுச்சென்றவற்றில் நீடித்து நிற்பவை கோட்டைச் சுவரும் கல்லறைக் கல்லுமே. இலங்கையில் ஆங்கில அரசின் சிவில் உத்தியோகத்தராக இருந்த ஜே. பி. லூயிஸ் என்பவர், தீவெங்குமுள்ள கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1913இல் ஒரு பெரும் புத்தகமாக வெளியிட்டார். ஏறுவெயிலில் புல்லை விலக்கிக்கொண்டு கல் கல்லாகப் படித்த அந்த மனிதரின் பொறுமையை நான் பலமுறை வியந்திருக்கிறேன். பெயர், பிறந்த நாள், இறந்த நாள், உத்தியோகம், அவரவர்க்குப் பின் எஞ்சியோரின் துக்கம் ஆகியவற்றைச் சொல்ல ஒரு சாண் கல் போதுமாக இருக்கிறது அவர்களுக்கு.

வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்தப் பாதிரியாரின் கதை இவ்வகையில் என் மனத்தை விட்டு அகலுவதில்லை. தோமஸ் கோக் என்பவரின் தலைமையில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட குழுவில் அவரும் ஒருவர். தலைவர் கோக் 1814 மே மாதத்தில் நடுக்கடலிலேயே காலமானார். ஓல்டின் மனைவியும் அதே பிரயாணத்தில், கரையைக் காணுமுன்னமே இறந்துபோனாள். மட்டக்களப்புக்குத் தனியராக வந்துசேர்ந்த ஓல்ட் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1815 ஏப்பிரல் முதலாந் தேதி, வந்து ஓராண்டு நிரம்புமுன், இங்கேயே உயிர்நீத்தார். அவர் தொடங்கியது மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இன்றும் நடக்கிறது. அவர் பெயரை அறியாத பிள்ளை பட்டினத்தில் இல்லை. அவருடைய மனைவியை நினைப்பார் யார்? கடலில் இட்ட உடலுக்குக் கல் இல்லை. புருஷனுக்கு ஊரும் பெயரும், மனைவிக்கு நீர் என்று பங்கிட்ட அந்தப் பிரயாணத்தை நினைக்கும்போது, என் அம்மம்மாவின் அம்மம்மாவும் அந்த வெள்ளைக்காரப் பெண்ணும் ஏதோ ஒரு வகையில் ஒரே கரையைச் சேர்ந்தவர்களென்று எனக்குப் படுவதுண்டு.

பட்டினத்துப் பறங்கியர் விஷயம் இதனினும் விசித்திரமானது. கொழும்பிலே 1908ஆம் ஆண்டு ஆர். ஜி. அந்தோனிஸ் முதலானோர் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தை நிறுவியபோது, ஐரோப்பியத் தகப்பன் வழி அறுபடாது வந்தவர்களுக்கே அங்கத்துவம் என்று விதித்தார்கள். அச்சங்கத்தின் சஞ்சிகை குடும்பம் குடும்பமாக வமிசாவளிகளை வெளியிட்டது. தகப்பன், அவன் தகப்பன், அவன் தகப்பன் என்று ஏணி வைத்தாற்போல ஏறிப்போய், கும்பனிக் கப்பலிலிருந்து இறங்கிய ஒரு சிப்பாயிடமோ கணக்கனிடமோ அந்த ஏணி சென்று முட்டும். மட்டக்களப்புப் பறங்கியருக்கோ அந்த ஏணி அவ்வளவாகப் பயன்படவில்லை. தச்சு, கொல்லு, சப்பாத்துத் தைத்தல் என்று கைத்தொழில் செய்து வாழ்ந்த அவர்களுள் சிலர் அவுட்ஸ்கோர்ன் என்பதுபோன்ற ஒல்லாந்தப் பெயர்களைத் தாங்குகிறார்கள். வீட்டில் அவர்கள் பேசிவந்ததோ போர்த்துக்கீசக் கிரியோல். பெயர் ஒரு வழியால் வந்தது, பேச்சு மற்றொரு வழியால் வந்தது. பெயரைத் தகப்பன் கொடுத்தான். தொட்டிலை ஆட்டியவள் எந்த மொழியில் பாடினாளோ அந்த மொழி பிள்ளையின் நாவில் நின்றது என்றே நான் ஊகிக்கிறேன். கல்லறைக் கல்லிலே பெயரைப் பொறிக்கலாம், தாலாட்டைப் பொறிக்க முடியாது. அவர்கள் செறிந்து வாழ்ந்த டச்பார்க் கரையை 2004 டிசம்பர் 26ஆம் தேதிக் கடற்கோள் வாரிக்கொண்டு போயிற்று. அன்று போனவர்களோடு அந்தப் பேச்சிலும் ஒரு பங்கு போயிற்று.

எங்களுக்கு இந்த ஏணியே கிடையாது. தமிழனுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயர் ஒரு தலைமுறைக்கு முன்னெழுத்தாக நின்று, அடுத்த தலைமுறையில் உதிர்ந்துவிடும். பெண்ணுக்கோ அதுவும் பாதியிலே மாறும். ஜனன மரணங்களைப் பதிய வேண்டுமென்ற சட்டம் இலங்கையில் 1867ஆம் ஆண்டில் வந்தது. நான் தேடியவள் அதற்கு முன் பிறந்தவள். அவள் மரணம் பதிவாகியிருக்கலாம். ஆனால் பதிவுப் புத்தகத்தில் ஒருவரைத் தேட வேண்டுமானால் அவர் பெயரும் இறந்த ஆண்டும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அவை தெரிந்திருந்தால் நான் ஏன் தேடப்போகிறேன்? அவள் பெயர் என்ன என்பதிலேயே என் பெரியம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் தீராத வழக்கு. இருவரும் இரண்டு பெயர் சொன்னார்கள். இருவரும் சத்தியம் செய்தார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பமாக இருந்தால் முப்பத்தோராம் நாளில் அச்சிட்டு வழங்கும் ‘கல்வெட்டு’ ஒன்றாவது பெட்டியடியில் கிடந்திருக்கும். தாளில் அச்சிட்ட சரமகவிக்கும் வமிசாவளிக்கும் கல்வெட்டு என்று பெயரிட்ட அந்த ஊராரின் துணிவை நான் மெச்சுகிறேன். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தார் அத்தகைய நினைவு மலர்களையும் மின்வடிவில் சேமித்துவருவதனால், கறையானுக்கு இரையாக வேண்டியவை பல பிழைத்தன. ஆனால் அவள் இறந்த காலத்தில் எங்கள் கரையில் அச்சுக்கல்வெட்டுப் போடும் வசதியும் வழக்கமும் யாருக்கு இருந்தன?

கடைசியில் அவளைக் காட்டிக்கொடுத்தது ஒரு சீதன உறுதி.

மட்டக்களப்பில் வீடு பெண்ணுடையது. கலியாணமான ஆண்மகன் மனைவி வீட்டுக்குப் போய் வாழ்வான். வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாக இறங்கும். ஆகையால் ஆண்கள் கோயில் வழக்குகளிலும் உத்தியோகப் பதிவுகளிலும் பெயர் பொறிக்க, பெண்கள் காணி உறுதிகளிலே வாழ்ந்திருக்கிறார்கள். இதற்குப் பின்னால் ஒரு பழைய சட்டமுறை உண்டு. கிறிஸ்தோபர் பிரிட்டோ என்ற வழக்கறிஞர் 1876ஆம் ஆண்டில், இங்குள்ள முக்குவர் கைக்கொண்ட முக்குவச் சட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். ஒருவனுடைய முதிசம் அவன் பெற்ற பிள்ளைகளுக்கன்றி அவனுடைய சகோதரியின் பிள்ளைகளுக்குச் சேரும் என்பது அந்த முறையின் உயிர்நாடி. தாய்மாமனின் தோட்டம் மருமகனுக்கு. பிரிட்டோவின் புத்தகம் வெளிவந்த அதே 1876இல் திருமண உரிமை, வாரிசுரிமை பற்றிய கட்டளைச் சட்டம் வந்து அந்த முறையின் செல்வாக்குக்கு முடிவு கட்டிற்று. ஒரு மரபு மரணப்படுக்கையில் கிடக்கும்போதே அதன் சாதகம் எழுதப்படுவது உலகில் பலவிடத்தும் நடப்பதுதான். ஆனால் சட்டம் போனாலும் வழக்கம் சீதனத்தின் வடிவில் தங்கிக்கொண்டது.

பெரியம்மாவின் றங்குப்பெட்டியில், மடிப்புகளில் கிழிந்து எட்டுத் துண்டாகப் பிரியும் நிலையில் அந்த உறுதி கிடந்தது. தாய் தன் மகளுக்கு வளவு எழுதிக்கொடுக்கிறாள். தாயின் பெயர், பெரியம்மா சொன்னதுமன்று, சின்னம்மா சொன்னதுமன்று. மூன்றாவது ஒரு பெயர். எழுத்தறியாதவளாதலால் நொத்தாரிசு அவள் பெயரை எழுத, அந்தப் பெயரின் நடுவே அவள் ஒரு புள்ளடி இட்டிருந்தாள். ஒரு கோடு நேராக விழுந்திருந்தது; மற்றக் கோடு, எழுதுகோலைப் பிடித்துப் பழகாத கை என்பது தெரியும்படியாக, கீழே போகப்போகத் தடித்து மசி கொட்டி நின்றது. எல்லை சொல்லும் இடத்தில் கிழக்கே வாவி, வடக்கே அவள் தங்கையின் வளவு, தெற்கே சுடலை வெளி என்று கண்டிருந்தது. சுடலைக்குப் பக்கத்து வளவில் வாழ்ந்தவளை வேறெங்கே கொண்டுபோயிருப்பார்கள்? இந்த ஒரு வரியை நம்பியே நான் மண்முனைப் பாலத்தைக் கடந்தேன்.

போகிற வழியில் மயானங்களையே பார்த்துக்கொண்டு போனேன். யாழ்ப்பாணத்து உறவினர் எரிப்பதை விதியாகக் கொள்ள, எங்கள் ஊர்களிலே இந்துக்களும் பெரும்பாலும் புதைக்கிறார்கள். மணலைத் தோண்டுவது இலகு, மூடுவதும் இலகு. தலைமாட்டில் ஊன்றிய கம்பு ஒரு மாரி தாங்கும், இரண்டு மாரி தாங்காது. அதன்பின் மேடு தரையாகும், தரையில் அடம்பன் கொடி படரும், அடுத்த தலைமுறைக்காக அதே இடத்தை மறுபடியும் தோண்டுவார்கள். காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம்களின் மையவாடிகளில் மீசான் கட்டையொன்று தலைமாட்டில் நிற்கும். அதிலும் பெரும்பாலும் பெயர் இராது. இந்த மண்ணில் இந்துவும் முஸ்லிமும் பகிர்ந்துகொண்டவை வாவி மீனும் வயல் நீரும் மாத்திரமல்ல, இறந்தவனை மண்ணோடு விட்டுவிடும் மனமும்தான்.

ஆனால் இதைக்கொண்டு எங்கள் மக்கள் மயானத்தை அலட்சியம் செய்பவர்களென்று எவரும் எண்ணிவிடலாகாது. 2019ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டை வெடிக்கச் செய்தவனின் உடற்பாகங்கள் அவ்வாண்டு ஆகஸ்டில் கள்ளியங்காட்டு மயானத்தில் புதைக்கப்பட்டதை அறிந்ததும் சனங்கள் தெருவுக்கு வந்தார்கள். பின்னர் அவை தோண்டியெடுக்கப்பட்டன. கல்லில்லாத மண்தான், ஆயினும் அதில் யார் கிடக்கலாம் என்ற விஷயத்தில் அவர்களுக்கு ஐயமே இருக்கவில்லை. தரவையிலும் மாவடிமுன்மாரியிலும் போரில் மாண்ட புலிகளின் கற்கள் வரிசை வரிசையாக நின்ற துயிலும் இல்லங்கள் இடித்து நிரவப்பட்ட பின்பும், கார்த்திகை மாதத்தில் தாய்மார் அங்கே போகிறார்கள். எந்தக் கல் எங்கே நின்றதென்பதை வெறுந்தரையில் அடியளந்து, உத்தேசமாக ஓரிடத்தில் விளக்கை வைத்துவிட்டு அழுகிறார்கள். அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

கல்லடி உப்போடையில், சிவானந்த வித்தியாலய வளவில், விபுலாநந்த அடிகளின் சமாதி இருக்கிறது. காரைதீவில் 1892இல் பிறந்த அவர், தாம் இயற்றிய யாழ் நூல் வெளிவந்த 1947ஆம் ஆண்டிலேயே மறைந்தார். சந்ததி வேண்டாமென்று துறந்தவருக்கு நிலைத்த சமாதியும், சந்ததியைப் பெற்றுத் தந்தவளுக்கு ஒரு மாரிக் கம்பும் என்று நான் ஒரு நண்பரிடம் குறைபட்டபோது, “சந்ததி இல்லாதவருக்குத்தானே கல் வேண்டும்?” என்று அவர் சாவதானமாகக் கேட்டார். எனக்கு உடனே விடை தோன்றவில்லை.

ஆடி அமாவாசைக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரத்துத் தீர்த்தத்தில் நின்று தர்ப்பணம் செய்யும்போதும் இதே இடர்ப்பாடு வருவதுண்டு. குருக்கள் தகப்பன் பெயர் கேட்பார், சொல்வேன். பாட்டன் பெயர் கேட்பார், சொல்வேன். முப்பாட்டன் என்றதும் நான் விழிப்பேன். அவர் அதற்குப் பழகியவராகையால் பொதுவானதொரு பெயரை இட்டு மந்திரத்தை நகர்த்திவிடுவார். அந்த நாளில் வாவிக்கரை நாடு முழுவதும் அமிர்தகழிக்குத் திரண்டு வந்து, தகப்பன்மாருக்காகத் தலை முழுகுகிறது. முழுகிய தலை துவட்டுமுன்னே, பக்கத்தில் நிற்பவனின் மகளுக்கு மாப்பிள்ளை பேச்சு எழுமானால், முதலிற் கேட்கும் கேள்வி தாய்வழியைப் பற்றியதாக இருக்கும்.

‘என்ன குடி?’ என்பதே அந்தக் கேள்வி. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி, பணிக்கனார் குடி என்று வழங்கும் இந்தக் குடிகள் தாய்வழியாக மாத்திரமே இறங்குபவை. தகப்பன் எந்தக் குடியாயினும் பிள்ளை தாயின் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. ஊர் வேறாயினும், உறவு விளங்காதாயினும், குடி ஒன்றென்றால் அவர்கள் உடன்பிறந்தாரே. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில் முதலிய பழைய கோயில்களில் திருவிழாப் பங்கும் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பதவியும் குடிக்குக் குடி வகுத்தவை. இதனினும் ஆச்சரியம், முஸ்லிம்களிடையிலும் இம்முறை உண்டு என்பது. சொத்தை மார்க்கச் சட்டம் வகுக்கும். குடியை உம்மாதான் கொடுப்பாள். பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கொரு மரைக்காயரை வைத்த ஊர்களும் உண்டு. எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும், வீ. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகமும் இந்தக் குடிவழக்கத்தைப் பற்றி நிறையப் பேசுகின்றன. மான்மியத்தைச் சரித்திரமென்று நம்பிக் காலக்கணக்குப் பார்ப்பவர் அலைந்தே போவார். ஆனால் மண்முனையில் அரசு நாட்டியவளாக உலகநாச்சி என்ற ஒரு பெண்ணை முன்னிறுத்தும் அந்த நூலின் மனச்சாய்வு எனக்குப் பிடித்திருக்கிறது.

நூறு தாய்மார் கையோடு கை மாற்றித் தந்த பெயர் குடிப்பெயர். அந்த நூற்றுவரில் ஒருத்தியின் சொந்தப் பெயரும் அதில் இல்லை. இலண்டனிலும் தொரொன்ரோவிலுமிருந்து கோப்புகளோடு வந்து தேடும் எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது கடினம். அவர்களுடைய படிவத்தில் பெயருக்கொரு கட்டம், தேதிக்கொரு கட்டம், ஸ்தலத்துக்கொரு கட்டம் இருக்கும். மூன்றும் வெறுமையாயிருக்க, ஆளை மாத்திரம் நிச்சயமாகத் தெரியும் என்றால் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

உறுதியில் கண்ட வளவை அடைந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. வாவிக்கரையில் கண்டல் மரங்கள். தெற்கே எருக்கும் பற்றையுமாக ஒரு வெளி. அதுதான் சுடலை என்று பார்த்தவுடன் தெரிந்தது. கல் என்று சொல்லத்தக்கது ஒன்றும் அங்கே இல்லை. மாடு இரண்டு மேய்ந்தன. பக்கத்து வளவில், வேலிக் கடப்பினருகே எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு கிழவி ஓலை வார்ந்துகொண்டிருந்தாள்.

“நீங்க ஆரு மனே?” என்றாள்.

என் பெயரைச் சொன்னேன், தகப்பன் பெயரைச் சொன்னேன், உத்தியோகத்தையும் ஊரையும் சொன்னேன். கையிலிருந்த உறுதியின் நகலை விரித்து, அந்த மூன்றாவது பெயரையும் வாசித்துக் காட்டினேன். ஓலையிலிருந்து அவள் கண்ணெடுக்கவில்லை.

“அது சரி மனே. என்ன குடி?”

சொன்னேன். வார்ந்துகொண்டிருந்த கத்தி நின்றது. “இதை முதல்ல சொல்லலாமே. அப்ப நீ எனக்கு மகன் முறை” என்றாள். ‘நீங்க’ என்பது ‘நீ’ ஆனதைக் கவனிக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

நான் வந்த காரியத்தை விட்டுவிடவில்லை. அந்தக் காலத்தில் இன்ன பெயருடைய ஒருத்தியை எந்தப் பக்கத்தில் அடக்கம் செய்தார்களென்று கேட்டேன். அவள் கத்தி பிடித்த கையாலேயே வெளி முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

“இந்த மணலுக்குள்ளதான் கிடப்பா. என்ர அம்மாவும் அங்கதான். நானும் அங்கதான் போவன். மறுகா என்ன?”

பிறகு வீட்டுப்பக்கம் திரும்பி, மகளை உரத்துக் கூப்பிட்டு இலை போடச் சொன்னாள். வாசற்படியில் ஏழெட்டு வயதுப் பேத்தியொருத்தி, வந்திருப்பவன் யாரென்று தெரியாமல் தூணைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றாள்.

“என்ன பாக்கிறாய்?” என்றாள் கிழவி. “உன்ட மாமாதான். தண்ணி கொண்டுவந்து குடு.”